எந்திரத்தின் கணக்கை எந்திரத்திடமே கேட்டவர்கள்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறான் என் பேரன். போன மாதம் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து ஸ்ரீபெரும்புதூர் வீட்டுக்கு வந்தவன், சாப்பிடக் கூட உட்காராமல் லேப்டாப்பைத் திறந்தான். பைதான் என்ற மொழியில் அவன் ஒரு சிறு நிரல் எழுதியிருந்தான். 0.1, 0.1 ஆகக் கூட்டிக்கொண்டே போய், 1 வந்ததும் நிற்க வேண்டும். அது நிற்கவில்லை.

"பத்து தடவை கூட்டினா 0.9999999999999999னு வருது தாத்தா. அடுத்த தடவை ஒண்ணைத் தாண்டிப் போயிடுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் உத்தியோக காலத்தில் சம்பளப் பட்டியல் போட முதன்முதலாகக் கணினி வந்தபோது, பட்டியலில் ஒரு ரூபாய் உதைத்து எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கையால் போட்டால் 29, கணினி சொன்னது 28. நான்தான் தவறாகத் தட்டச்சு செய்திருப்பேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அன்று ராத்திரி பேரனிடம், "50 ரூபாய்க்கு 57 சதவீதம் போடு, 0.57-ஆல் பெருக்கு" என்றேன். 28.50 வர வேண்டும், மேல் ரூபாய்க்கு ஏற்றினால் 29. திரையில் வந்தது 28.499999999999996. கீழ் ரூபாய்க்கு இறக்கினால் 28! இத்தனை வருஷம் கழித்து மெமோவுக்கு விளக்கம் கிடைத்தது. வாங்கிக்கொள்ளத்தான் அதிகாரி இல்லை.

காரணத்தை நம் தலைமுறைக்குச் சொல்வது எளிது. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று கீழ்வாய் இலக்கம் படித்தவர்கள் அல்லவா? அவை 1/2, 1/4, 1/8, 1/16. பாதி, பாதியில் பாதி என்று போகும் இந்தப் பின்னங்களைக் கணினி பிசகில்லாமல் எழுதிவிடும், ஏனென்றால் அதற்குத் தெரிந்ததே பாதியாக்குவதும் இரட்டிப்பதும்தான். மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இவற்றில் ஐந்தின் வாடை இருக்கிறது. இருமா, அதாவது 1/10, கணினிக்கு முடிவில்லாத பின்னம். நமக்கு மூன்றில் ஒன்று 0.3333 என்று போய்க்கொண்டே இருப்பது போல. ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும்.

எங்கே வெட்டுகிறது? கணினி எண்களை வைக்கும் இந்த முறைக்கு மிதக்கும் புள்ளி என்று பெயர். (பிரெஞ்சில் இதை 'விர்கூல் ஃப்ளோத்தாந்த்', மிதக்கும் காற்புள்ளி என்பார்கள். பள்ளியில் தசமத்துக்குக் காற்புள்ளி போட்டே பழகிய எனக்கு இன்றும் அந்தப் பெயர்தான் முதலில் வரும்.) 1960-களிலும் 70-களிலும் ஒவ்வொரு கம்பெனியின் எந்திரமும் ஒவ்வொரு விதமாக வெட்டியது. 1964-ல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 360-ன் ஆரம்ப எந்திரங்களில், நீண்ட எண் ஒன்றை 1-ஆல் பெருக்கினாலே கடைசி இலக்கம் உதிர்ந்துவிடும். பிறகு கம்பெனி தன் செலவில் போய்ச் சரிசெய்தது.

கையேட்டை நம்பாமல் எந்திரத்தையே கேட்டுப் பார்ப்போம் என்று 1972-ல் மைக்கேல் மால்கம் என்பவர் ஒரு வழி சொன்னார். நாலைந்து வரிதான். 1-ஐ எடுத்து இரட்டித்துக்கொண்டே போ. ஒவ்வொரு முறையும் அதோடு 1-ஐக் கூட்டி, பிறகு பழைய எண்ணைக் கழி. 1 திரும்பி வருகிறதா? வராத இடம்தான் எந்திரத்தின் எல்லை. அந்த எல்லையில் நின்றுகொண்டு 1, 2, 3 என்று கூட்டிப் பார். எந்த எண் முதலில் பதிகிறதோ, அதுதான் எந்திரம் எண்ணும் அடி.

சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல் ஐபிஎம் 370/155 வந்தது. அந்த வரிகளை அதில் ஓட்டியிருந்தால் 16 என்று பதில் வந்திருக்கும். நம் ரூபாயில் 1957 வரை இருந்த அணாக் கணக்கு போல, பதினாறு பதினாறாக எண்ணிய எந்திரம் அது. பேரனின் லேப்டாப்பில் 2 என்று வந்தது. எல்லை 9,00,71,99,25,47,40,992, கிட்டத்தட்ட 90 கோடி கோடி. அதற்கு மேல் ஒரு ரூபாய் போட்டால் ரசீது கிடைக்காது.

இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தியதில் பெரும் பங்கு பெர்க்லி பேராசிரியர் வில்லியம் கஹானுக்கு. எல்லா எந்திரமும் ஒரே மாதிரி வெட்ட வேண்டும் என்ற ஐ.இ.இ.இ. 754 என்ற விதி 1985-ல் வந்தது. 1989-ல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. விதி போட்டவரே எந்திரங்களை நம்பவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த சங்கதி. பேசிக் மொழியில் ஒரு சோதனை நிரல் எழுதி அதற்கு 'பாரனோயா' என்று பெயர் வைத்தார். தமிழில் சந்தேகப் பேய் எனலாம். கண்ட பிழைகளைத் தோல்வி, பெருங்குறை, குறை, சிறுகுறை என்று அது நான்காகத் தரம் பிரிக்கும். தணிக்கைப் பிரிவில் இருந்திருக்க வேண்டிய மனிதர்.

இதெல்லாம் ஒரு ரூபாயோடு போகிற விஷயமா? 1991 பிப்ரவரி 25 அன்று சவுதியின் தஹ்ரானில் அமெரிக்க பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு, வந்த ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. 28 வீரர்கள் இறந்தார்கள். அங்கே புள்ளி மிதக்கவில்லை, நிலையாகத்தான் இருந்தது. ஆனால் குற்றவாளி அதே இருமாதான். நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணிய கணினி, அந்த 1/10-ஐ 24 இலக்கத்தில் வெட்டியிருந்தது. 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் 0.34 வினாடி பிசகு சேர்ந்தது. அந்த நேரத்தில் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.

"இப்பதான் எல்லாத்துக்கும் ஒரே விதி ஆயிடுச்சே" என்றான் பேரன். செயற்கை அறிவுக்காக இப்போது 16 பிட் சிறு எண்களை நிறையப் பயன்படுத்துகிறார்கள் என்று அவன்தான் முன்பொரு நாள் சொல்லியிருந்தான். அதில் மால்கம் சோதனையைப் போடச் சொன்னேன். 2048-லேயே நின்றுவிட்டது. 2048-ஓடு 1 கூட்டினால் 2048! பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அவனுடைய நிரலுக்குக் குமாஸ்தா வைத்தியம் ஒன்று சொன்னேன். ரூபாயை விட்டுவிட்டுப் பைசாவை எண்ணுவது போல, 0.1-ஐக் கூட்டாதே, எத்தனை பத்தில் ஒன்று ஆயிற்று என்று முழு எண்ணாக எண்ணு, 10 வந்ததும் நிறுத்து. மாற்றி எழுதி ஓட்டினான், நின்றது. மணி பன்னிரண்டரை. அதற்குப் பிறகுதான் ரசம் சூடு பண்ணினோம்.