ஏட்டில் ஏறாத அறிவு

மெய்யியல் என்றதும் நம் நினைவில் எழும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே. பெண்கள் சிந்திக்கவில்லை என்பதன்று இதன் காரணம். சிந்தித்தவற்றைப் பதிவு செய்யும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதாகவே கிட்டியது.

இன்று குரோவாசியா நாட்டில் உள்ள துப்ரோவ்னிக் நகரில் வாழ்ந்தவர் மரியா குந்துலிச். அரிஸ்டாட்டிலின் கருத்துகளை விளக்கி 1584-இல் தம் கணவர் வெளியிட்ட நூலுக்கு அவர் முன்னுரை வரைந்தார். பெண்களின் அறிவாற்றலுக்காக அதில் வாதாடினார். அம்முன்னுரையை ஏற்ற தோழி சுவியேத்தா சுசோரிச் கவிஞர்களால் புகழப்பட்டவர். ஆயினும் அவர் எழுதிய ஒரு வரியேனும் இன்று எஞ்சவில்லை.

வெனிஸ் நகரத்து எலெனா கொர்னாரோ 1678 ஜூன் 25 அன்று பதுவை நகரில் மெய்யியல் முனைவர் பட்டம் பெற்றார். முதலில் அவருக்காகக் கோரப்பட்டது இறையியல் பட்டமே. பெண் என்பதால் அதை மறுத்தவர் பதுவை ஆயர் கிரகோரியோ பர்பரிகோ. 1960-இல் புனிதராக உயர்த்தப்பட்டவரும் இவரே. நல்லோரும் தம் காலத்தின் எல்லைக்குள் நின்றே தீர்ப்பிட்டனர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவிலா தெரேசாவையும் சியன்னா கத்தரீனையும் திருச்சபை மறைவல்லுநர்களாக அறிவித்தது 1970-இல்தான்.

நம் மண்ணுக்கு வருவோம். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் செங்கோட்டையில் வாழ்ந்த ஆவுடை அக்காள் இளமையிலேயே கைம்பெண்ணானவர் என்பர். ஒதுக்கி வைக்கப்பட்ட அவர், அத்வைத மெய்யியலைக் கும்மி முதலிய எளிய பாட்டு வடிவங்களில் பாடினார். தீட்டு, எச்சில் என்னும் கட்டுப்பாடுகளைக் கேள்விக்கு உட்படுத்தினார். பல்கலைக்கழகம் அவரை அறியவில்லை. பெண்கள், சிறப்பாகக் கைம்பெண்கள், அவர் பாடல்களை வாய்மொழியாகக் காத்தனர். 2002-இல் அவை பெருந்திரட்டாக வெளிவந்தன.

இவ்வரலாறு நமக்குப் பழங்கதையன்று. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உழைக்கும் பெண்களும், திருவள்ளூர்ச் சிற்றூர்களின் முதிய தாய்மாரும் துன்பம், நீதி, இறைவன், இறப்பு பற்றி ஆழ்ந்து எண்ணுகின்றனர். அன்பியக் கூட்டங்களில் அவர்கள் பேசுவதை யார் எழுதி வைக்கிறோம்? ஒவ்வோர் அன்பியமும் ஒரு குறிப்பேட்டை இதற்கென ஒதுக்கி, சொன்னவர் பெயரோடு பதிவு செய்யட்டும். குந்துலிச்சின் தோழிக்குக் கிட்டாத அந்த ஒரு வரி, நம் அன்னையருக்கேனும் கிட்டட்டும்.