வி.பி.பி. பார்சலும் திரும்பி வந்த பணமும்

கண்ணால் பார்க்காத பொருளுக்குக் காசு கொடுத்து ஏமாறுவது இணையம் வந்த பிறகுதான் தொடங்கியது என்று என் பேரன் நினைத்துக்கொண்டிருக்கிறான். நம் நாட்டில் வி.பி.பி. தொடங்கியது 1877-இல். வியாபாரி பார்சலைத் தபாலில் சேர்ப்பார். நாம் பணத்தைக் கட்டிப் பார்சலை வாங்கிக்கொள்வோம். அந்தப் பணம் தபால் இலாகா மூலமாக வியாபாரிக்குப் போய்ச் சேரும். இப்போது 'கேஷ் ஆன் டெலிவரி' என்கிறார்களே, அதற்குத் தாத்தா இது.

பணம் கட்டாமல் பார்சலைப் பிரிக்க முடியாது. மோசடிக்காரனுக்கு அது போதாதா? நான் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருந்த நாட்களில் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் வரும். ஒன்பது கட்டம், எப்படிக் கூட்டினாலும் 15 வர வேண்டும், சரியான விடை எழுதினால் டிரான்சிஸ்டர் பாதி விலைக்கு. எழுதிப் போட்ட எல்லோருக்கும் விடை சரியாகவே இருக்கும்! கொஞ்ச நாளில் வடக்கேயிருந்து பார்சல் வந்துவிடும்.

ஒரு நெசவுத் தொழிலாளி பணத்தைக் கட்டிவிட்டு என் எதிரிலேயே பிரித்தார். ரேடியோ மாதிரி ஒரு பிளாஸ்டிக் கூடு, உள்ளே எடைக்குக் களிமண் கட்டி. அவர் சத்தம் போடவில்லை. "சார், நான் கட்டின பணம் இன்னும் இங்கேதானே இருக்கு?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. போஸ்ட் மாஸ்டர் உள்ளே கூப்பிட்டு, புகாரை எழுதி வாங்கி, பணத்தை அனுப்பாமல் நிறுத்திவைத்து மேலிடத்துக்கு எழுதினார். சில மாதம் ஆயிற்று. பணம் வந்தது.

எந்த அதிகாரத்தில் நிறுத்தினீர்கள் என்று அவரைக் கேட்டேன். 1898-ஆம் வருடத்து அஞ்சலகச் சட்டத்தை எடுத்து 35-ஆவது பிரிவைக் காட்டினார். உண்மையான ஆர்டரின் பேரில்தான் அனுப்புகிறேன் என்று அனுப்புபவர் உறுதி கொடுக்க வேண்டும் என்று விதி செய்யலாம். மோசடி நடந்தால், வசூலான பணத்தை நிறுத்திவைத்து வாங்கியவருக்கே திருப்பிக் கொடுக்கவும் விதி செய்யலாம். வெள்ளைக்காரன் எழுதிய சட்டம்தான். ஆனாலும், ஏமாற்றியவனைத் தேடி ஓடுவதைவிடப் பணத்தைக் கையில் வைத்திருப்பவரைப் பிடிப்பது சுலபம் என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

முன்பணமாக அனுப்பியவர்கள் பாடு வேறு. பணம் போனால் சிவில் கோர்ட்டுதான். ஐம்பது ரூபாய்க்கு யார் வக்கீல் வைப்பார்கள்? 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்து மாவட்ட மன்றங்கள் ஏற்பட்டன. பெரிய விஷயம்தான். ஆனால் விற்றவர் இருக்கும் இடத்தில், அல்லது வழக்குக்கான காரணம் எழுந்த இடத்தில்தான் மனு போட வேண்டும். வெளியூர் வியாபாரி என்றால் இந்த மன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று முதலில் வாதாடுவான். 2019-ஆம் வருடச் சட்டம் 20.7.2020 அன்று நடைமுறைக்கு வந்த பிறகுதான், நாம் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம் என்று ஆயிற்று. விலை 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அதே மாதம் மின்வணிக விதிகளும் வந்தன. குறையுள்ள பொருள், போலிப் பொருள், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருள் ஆகியவற்றைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

போன வருடம் இது எங்கள் வீட்டுக்கே உதவியது. என் மனைவி குக்கருக்கு ஆர்டர் போட்டாள். வந்தது மூன்று துண்டு. விற்றவன், "ரிட்டர்ன் கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டான். நான் அவனோடு மல்லுக்கு நிற்கவில்லை. பணத்தை வாங்கியது நடுவில் இருந்த தளம். அதன் குறைதீர் அலுவலருக்குப் படங்கள், ஆர்டர் எண், விதியின் வாசகம் எல்லாம் வைத்து எழுதினேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தேன். பத்தொன்பதாம் நாள் முழுப் பணமும் வங்கிக் கணக்குக்கு வந்தது. துண்டுகளை யாரும் திரும்பக் கேட்கவில்லை.

1898-ஆம் வருடச் சட்டம் இப்போது இல்லை. 2023-இல் இயற்றிய புதிய அஞ்சலகச் சட்டம் 18.6.2024 முதல் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. போஸ்ட் மாஸ்டர் எனக்குக் காட்டிய 35-ஆவது பிரிவும் அதோடு போயிற்று.