பழைய சைக்கிளும் 1941 கிள்ளானும்

படிவம் நான்கு வகுப்பில் தோட்ட வாழ்க்கை பற்றிய கட்டுரைக்குக் குறிப்பு கொடுத்துக்கொண்டிருந்தேன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தின்போது முன்வைத்த கோரிக்கைகளைப் பலகையில் எழுதினேன். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு ஒரு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுவது. அதுவரை எல்லாரும் பேசாமல் எழுதினார்கள். அடுத்த வரி, துரைமாரும் கிராணிமாரும் எதிரில் வந்தால் தொழிலாளர் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்பது. பின்வரிசையிலிருந்து ஒரு பையன், “டீச்சர், இதுக்கா ஸ்டிரைக் பண்ணாங்க?” என்றான். வகுப்பே சிரித்தது.

உங்கள் வகுப்பிலும் சிரிப்பார்கள், பாருங்கள். அன்றைக்கு எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தாத்தாவின் ராலே சைக்கிள் பல வருடங்களாகத் துருப்பிடித்துக் கிடந்தது. தாத்தா பால்வெட்டுத் தொழிலாளி. கோவிட் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோதுதான் அதைக் கழற்றத் தொடங்கினேன். பழைய சைக்கிள் வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும், முதல் சண்டை காட்டர் பின்னோடுதான். பெடல் தண்டை அச்சோடு பிடித்து வைத்திருக்கும் அந்தச் சின்ன இரும்பு ஆப்பு, துரு ஏறினால் லேசில் வராது. எண்ணெய் விட்டு மூன்று நாள் ஊறப்போட்டேன். அப்புறமும் வரவில்லை. கிள்ளானில் ஒரு பழைய பாசிக்கால் கடை அப்பெக்தான் இரண்டே தட்டில் எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு புத்தியும் சொன்னார். பெயிண்ட் அடிக்காதே, தேய்த்துத் துடைத்து எண்ணெய் போட்டால் போதும் என்று. அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகுதான் புரிந்தது. புதுப் பெயிண்டுக்கு அடியில் சைக்கிளின் வயது, அடிபட்ட இடம், கேரியரில் வாளி உரசிய தடம் எல்லாம் மறைந்து போகும்.

வயதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மூன்று கியர் உள்ள ஸ்டர்மி ஆர்ச்சர் பின்சக்கர ஹப்பாக இருந்தால் அதன்மேல் தயாரித்த ஆண்டும் மாதமும் குத்தியிருக்கும். துணியால் அழுத்தித் துடைத்ததும் ‘52’ தெரிந்தது. ஆக, இது வேலைநிறுத்த காலத்துச் சைக்கிள் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் சேர்ப்பவர்கள் கையில் இன்று சிக்குபவை பெரும்பாலும் போருக்குப் பிந்தியவைதாம். அதற்கும் ஒரு காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

சைக்கிளுக்கும் நமக்கும் உள்ள உறவு 1952-ஐவிடப் பழையது. இங்கிலாந்தில் கொவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி இன்றைய வடிவிலான ‘ரோவர்’ சைக்கிளை 1885-இல் கொண்டுவந்தார். 1888-இல் பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். 1890-களில் ஐரோப்பாவே சைக்கிள் பைத்தியம் பிடித்து அலைந்தது. டயருக்கு ரப்பர் வேண்டும். அந்தப் பத்தாண்டில்தான் நம்ம காஜாங்கிலும் மலாக்காவிலும் வணிகத்துக்காக ரப்பர் நட்டார்கள். கார் டயர் வந்து விலையை எங்கோ கொண்டுபோனது அதற்கப்புறம். அந்தக் கித்தா மரத்தை வெட்டத்தான் நம் கொள்ளுத்தாத்தாக்களைக் கங்காணிகள் கப்பலேற்றினார்கள். வெள்ளைக்காரன் சைக்கிள் ஓட்டியதால் மலாயாவுக்கு வந்தவர்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். முழுப் பொய்யும் இல்லை.

பால் வெட்டிய அதே கைகள் சைக்கிள் வாங்கக் கொஞ்ச காலம் பிடித்தது. 1941-இல் ஓர் ஆண் தொழிலாளியின் நாட்கூலி ஏறக்குறைய 50 காசு. அதில் மிச்சம் பிடித்து ஒரு சைக்கிள் வாங்குவது என்றால் எத்தனை மாதம் வாயைக் கட்டியிருக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படி வாங்கிய சைக்கிளில், துரையோ கிராணியோ எதிரில் வந்தால் இறங்கி நிற்க வேண்டும்.

கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதனும் ஒய். கே. மேனனும் தொழிலாளரைத் திரட்டினார்கள். முதல் கட்ட வேலைநிறுத்தத்துக்குப் பிறகு முதலாளிகள் கூலியைச் சற்று ஏற்றினார்கள். அதோடு அடங்கிவிடும் என்று நினைத்தார்கள். அடங்கவில்லை. மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்ததும் வேலைநிறுத்தம் சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. மே 16-இல் சிலாங்கூரில் அவசரநிலை. ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

கூலி ஏறியும் ஏன் நிற்கவில்லை? நம் தேர்வு விடைகளில் ‘கூலி உயர்வு கேட்டனர்’ என்ற ஒரு வரியோடு இந்தப் போராட்டம் முடிந்துவிடுகிறது. மற்றக் கோரிக்கைகள் ‘முதலானவை’க்குள் போய்விடுகின்றன. அந்த ‘முதலானவை’யில்தான் விடை இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஒரு சனிக்கிழமை சைக்கிளைப் பள்ளிக்கு எடுத்துப்போனேன். 28 அங்குலச் சக்கரம், குறுக்குக் கம்பி, ஏறத்தாழ 20 கிலோ எடை. கேரியரின் இரு பக்கமும் தண்ணீர் நிரப்பிய வாளிகளைக் கட்டினேன். சிரித்த பையனையே ஓட்டச் சொன்னேன். திடல் ஓரத்து மேட்டில் ஐந்து இடங்களில் மாணவர்களை நிறுத்தி, ஒவ்வொருவர் முன்னாலும் இறங்கி, தள்ளிக்கொண்டு தாண்டி, மறுபடி ஏற வேண்டும் என்றேன். இடது பெடலில் கால் வைத்து உந்தி, வேகம் பிடித்து, வலது காலைப் பின்னால் சுழற்றித்தான் இதில் ஏற முடியும். மூன்றாவது ஆளிடம் வாளித் தண்ணீர் பாதி சிந்திவிட்டது. நான்காவது ஆள் அவனுடைய நண்பன், வேண்டுமென்றே இடுப்பில் கை வைத்து நின்றான். பையன் முகம் சிவந்துவிட்டது. “போதும் டீச்சர்” என்றான். நான் ஒன்றும் விளக்கவில்லை.

அந்த 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அவர்கள் காலாட்படை ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் தெற்கே வந்தது. பற்றாததற்கு ஊர்க்காரர்களின் சைக்கிள்களையும் பிடுங்கிக்கொண்டார்கள். டயர் போனாலும் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்களாம். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் அவர்கள் கையில். போருக்கு முந்திய சைக்கிள் ஏன் அரிதாகக் கிடைக்கிறது என்று இப்போது தெரிகிறதல்லவா?

ஞாயிறு காலைகளில் டத்தாரான் மெர்டேக்கா பக்கமும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் பழைய சைக்கிள் ஓட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். பழங்கால உடையோடு வரும் மலாய் நண்பர்களும் உண்டு. நல்ல மனிதர்கள். ராலேயின் கொக்குச் சின்னம், ரட்ஜின் கைச் சின்னம், பழைய தகர லைசென்ஸ் எல்லாம் விரல்நுனியில். யார் ஓட்டிய சைக்கிள் என்று கேட்டால் மட்டும் பெரும்பாலும் பதில் இருக்காது. அது நாம் செய்ய வேண்டிய வேலை. மாணவர்களை வீட்டுக்கு அனுப்பி, தாத்தா பாட்டி ஓட்டிய சைக்கிளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லுங்கள். வாங்கிய விலை, ஏற்றிய சுமை, யாரைக் கண்டால் இறங்கினார்கள் என்ற மூன்று கேள்வி போதும்.

நானும் பாட்டியிடம் கேட்டேன். “ஆபீஸ் வாசல் வந்தா எறங்கித்தான் தள்ளிக்கிட்டுப் போவாரு” என்றார். அது எப்போது என்றேன். “உங்கம்மா பள்ளிக்கொடம் போறப்பகூடத்தான்.” அம்மா பள்ளிக்குப் போனது அறுபதுகளில். மெர்டேக்கா வந்து எத்தனையோ வருடம். யாரும் இறங்கச் சொல்லவில்லையே பாட்டி என்றேன். “யாரும் சொல்லலதான்” என்றவர், வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிட்டார்.

சைக்கிள் இப்போது ஓடுகிறது. பின்பிரேக் கம்பிக்கு மட்டும் ஒரு திருகு கிடைக்கவில்லை. கிள்ளான் பக்கம் பழைய சாமான் வைத்திருக்கும் கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.