126ஆம் எண்: ஹெலிகொப்டர்

மிடி கீபோர்ட் வாங்கிய கையோடு தம்பி, தங்கச்சிமார் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, இதைக் கணினியில் கொழுவ எந்த சவுண்ட் கார்ட் நல்லது?"

ஒரு மாடலின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இது 1990களின் கேள்வி. அப்போது சவுண்ட் கார்டைத் தெரிவு செய்வதென்றால், உங்கள் கீபோர்ட் எந்தெந்த வாத்தியமாகப் பேசலாம் என்பதையே தெரிவு செய்வது.

முதலில் ஒன்று விளங்க வேண்டும். மிடி வயருக்குள்ளால் சத்தம் போவதில்லை. எந்தக் கட்டையை அழுத்தினீர்கள், எவ்வளவு விசையாக, எப்போது விட்டீர்கள் என்ற செய்தி மட்டுமே போகிறது. 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சி ஒன்றில், ஜப்பானின் ரோலண்ட் செய்த கீபோர்டையும் அமெரிக்காவின் சீக்வென்ஷல் சர்க்கிட்ஸ் செய்த கீபோர்டையும் வயரால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசிக்க, மற்றதும் ஒலித்தது. இரண்டும் போட்டிக் கம்பனிகள் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விசயம்.

அந்தச் செய்தியைச் சத்தமாக்குவது யார்? அங்கேதான் சவுண்ட் கார்ட் வருகிறது, கனடாவும் வருகிறது. 1987இல் கியூபெக் நகரத்தின் அட்லிப் கம்பனி ஒரு கார்டை விற்பனைக்கு விட்டது. அதைத் தொடங்கிய மார்ட்டின் ப்ரெவெல் ஒரு இசைப் பேராசிரியர். யமஹாவின் சில்லு ஒன்று உள்ளே இருந்து, கணக்குப் போட்டு 9 குரல்களை உருவாக்கும். பியானோ என்றால் விளையாட்டுச் சாமான் பியானோ மாதிரித்தான் கேட்கும். 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பனி அதே சில்லோடு சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. அதில் ஜாய்ஸ்டிக் கொழுவ 15 முள் துளை ஒன்று. வேறொரு வயரைப் போட்டால் அதுவே மிடி துளை. விளையாட்டுக்கென்று வாங்கிய கார்டின் வழியாகத்தான் கீபோர்ட் பல வீட்டுக் கணினிகளுக்குள் நுழைந்தது. அட்லிப் 1992இல் வங்குரோத்தானது.

இதற்கிடையில், 1991இல், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக ஜெனரல் மிடி என்ற பட்டியல் வந்தது. 128 ஒலிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 105 சித்தார். 110 ஸ்கொட்லாந்துக்காரரின் பாக்பைப். 112 ஷெனாய். வீணை இல்லை, நாதஸ்வரம் இல்லை. தாளவாத்தியத் தொகுதியில் மிருதங்கமோ தவிலோ இல்லை. ஆனால் 126 ஹெலிகொப்டர், 128 துப்பாக்கி வெடி. எங்கள் அம்மா அப்பாமார் எந்தச் சத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு வந்தார்களோ அதற்கு எண் இருந்தது. கோயில் திருவிழாவில் கேட்ட சத்தத்துக்கு இல்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பட்டியல் போட்ட மேசையில் எங்கள் ஆக்கள் இல்லை, அவ்வளவுதான்.

பட்டியலைத் தாண்டும் வழியும் கார்டிலேயே வந்தது. 1992இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிராவிஸ் கம்பனி, பதிவு செய்த ஒலிகளை ஏற்றக்கூடிய நினைவகத்தோடு அல்ட்ராசவுண்ட் கார்டை விற்றது. 1994இல் கிரியேட்டிவின் ஏடபிள்யூஇ32 வந்தது. 512 கிலோபைட் நினைவகம். 28 மெகாபைட் வரை கூட்டலாம். ஒரு தவில் அடியைப் பதிவு செய்து அதில் ஏற்றினால், கட்டையை அழுத்தத் தவில் பேசும். அந்தக் காலத்தில் என்னிடம் கேட்டிருந்தால், "நினைவகம் உள்ள கார்டை வாங்கு" என்றுதான் சொல்லியிருப்பேன்.

இன்று அந்த வேலையைக் கணினியின் மென்பொருளே செய்கிறது. கீபோர்டில் யுஎஸ்பி இருந்தால் செய்தி நேரே போய்விடும், சவுண்ட் கார்டே தேவையில்லை. மாமா வீட்டு பேஸ்மென்டில் கிடக்கும், 5 முள் வட்டத் துளை உள்ள பழைய கீபோர்ட் என்றால் யுஎஸ்பி மிடி வயர் ஒன்று போதும். அதை எறிந்துவிடாதீர்கள்.

தனியாக ஓடியோ இன்டர்ஃபேஸ் வாங்குவதென்றால் தாமதத்தைப் பார்த்து வாங்குங்கள். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், 256 மாதிரிகளைச் சேர்த்து அனுப்பினால் ஏறக்குறைய 6 மில்லிநொடி தாமதம், கை உணராது. 2,048 என்றால் 46, தாளம் பிசகும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள், அந்தக் கம்பனியே தரும் ஏசியோ டிரைவர் இருக்கிறதா என்று கேளுங்கள். கமகம் வாசிக்க ஆசை என்றால், கீபோர்டின் இடது பக்கத்தில் பிட்ச் வீல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சின்ன கீபோர்டுகள் சிலவற்றில் அதை விட்டுவிடுகிறார்கள்.