வரிசை: கொல்லிமலையும் விமானத்தின் முன்பக்க சீட்டும்

செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினதும்தான் போனுக்கு சிக்னல் வந்தது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த தலைசுற்றல் இன்னும் போகவில்லை. வந்து விழுந்த மெயில்களில் ஒன்று, வேலை நிமித்தமாக நான் அடிக்கடி பறக்கும் ஒரு விமான நிறுவனத்துடையது. இந்த வருஷம் நான் போதுமான அளவு பறக்கவில்லையாம். அதனால் என் தங்க அட்டையை வெள்ளி அட்டையாக இறக்குகிறார்களாம்.

எதிரே வல்வில் ஓரி சிலை. அதன் நிழலில் நின்றுகொண்டு ஐந்து நிமிஷம் நிஜமாகவே வருத்தப்பட்டேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மலையைச் சுற்றிச் சண்டை போட்ட மன்னர்களைப் பற்றிய சங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வியே, யாருக்கு எவ்வளவு மரியாதை, யாருக்கு எந்த இருக்கை என்பதுதான். அதற்கு அன்றைக்கு வைத்திருந்த சொல் 'வரிசை'. இன்றைக்கு அதே சொல்லை க்யூவுக்கு வைத்திருக்கிறோம். தகுதி என்ற பொருளிலிருந்து க்யூ என்ற பொருளுக்கு வந்த இந்தப் பயணத்தைத்தான் விமான நிறுவனங்களின் தங்க, பிளாட்டின அட்டைகளும் செய்திருக்கின்றன என்று தோன்றியது. அன்று இரவு எடுத்த குறிப்புகளின் விரிவு இது.

ஓரி கேட்கவில்லை, காரிக்குச் சொன்னார்கள்

முதலில் ஓரி. புறநானூறு 152-ல் வன்பரணர் சொல்லும் சம்பவம் பலருக்குத் தெரிந்திருக்கும். காட்டில் ஒரு பாணர் கூட்டம் ஒரு வேட்டுவனைப் பார்க்கிறது. அவன் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. அவன் வில்திறமையை வைத்து, பெரிய ஆளாக இருக்க வேண்டும் என்று ஊகித்துப் பாடுகிறார்கள். அவன் புகழ்ச்சிக்குக் கூச்சப்படுகிறான். வேட்டையாடிய இறைச்சியைத் தருகிறான், தேன் தருகிறான், பொன்னும் மணியும் தருகிறான். தன் பெயரைச் சொல்வதில்லை. வந்தவர்களின் தகுதி என்ன, இதற்கு முன் எத்தனை தடவை வந்திருக்கிறார்கள் என்ற கணக்கெல்லாம் அங்கே இல்லை.

அந்த ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தவன் மலையமான் திருமுடிக்காரி. அகநானூறு 209 இதைச் சொல்கிறது. இந்தக் காரிக்குத்தான் கபிலர் ஒரு அறிவுரை சொல்கிறார், புறநானூறு 121-ல். நாலு திசையிலிருந்தும் பரிசில் கேட்டு ஆள் வருவார்கள். அள்ளிக் கொடுப்பது சுலபம், அவரவர் வரிசை அறிந்து கொடுப்பதுதான் கஷ்டம். ஆகவே புலவர்களை எல்லாம் ஒரே மாதிரி பார்ப்பதை விட்டுவிடு என்பது அதன் சாரம். இன்றைய ஆபீஸ் மொழியில் சொன்னால், வாடிக்கையாளரைத் தரம் பிரி என்கிறார்.

கபிலர் மேல் கோபப்பட வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஒரே அளவு என்றால் அங்கே யாரையும் தனியாகக் கவனிக்கவில்லை என்றுதான் அர்த்தம். அவர் கேட்பது பொருளை அல்ல, கவனிப்பை. இதே கருத்தை இன்னும் காரமாகச் சொன்னவர் பெருஞ்சித்திரனார். அதியமான் நெடுமான் அஞ்சி அவரை நேரில் பார்க்காமலே, இதை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று பரிசு கொடுத்தனுப்பினான். அவர் வாங்க மறுத்துவிட்டார். பார்க்காமல் கொடுத்ததை வாங்கிப் போக நான் வியாபாரம் செய்ய வந்தவன் இல்லை, என் வரிசை அறிந்து கொடுத்தால் தினையளவு கிடைத்தாலும் இனியது என்றார் (புறநானூறு 208).

இரண்டு கட்டில்கள்

கொல்லிக் கூற்றத்தில் அதியமானையும் இரண்டு பெருவேந்தர்களையும் வென்றவன் என்று பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகம் சொல்லும் சேரன், தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. இவனை வைத்து இரண்டு இருக்கைக் கதைகள் இருக்கின்றன. எனக்குத் தெரிந்து தமிழின் பழைய 'அப்கிரேட்' கதைகள் இவைதான்.

ஒன்று, மோசிகீரனார் கதை. முரசை நீராட்ட வெளியே எடுத்துப் போயிருந்தார்கள். முரசு வைக்கும் கட்டில் பூப்பரப்பி மெத்தென்று காலியாக இருந்தது. பயணக் களைப்பில் வந்த புலவர், அது என்ன கட்டில் என்று தெரியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். அதற்குத் தண்டனை வெட்டு. மன்னன் வந்து பார்த்தான். வெட்டவில்லை. விசிறி எடுத்து வீசினான். விழித்தெழுந்த புலவர் பாடியது புறநானூறு 50.

இன்னொன்று அரிசில்கிழார் கதை. எட்டாம் பத்தைப் பாடிய இவருக்கு மன்னனும் அரசியும் அரண்மனையை விட்டு வெளியே வந்து, உள்ளே இருப்பதெல்லாம் உங்களுக்கு என்று சொல்லி, ஒன்பது நூறாயிரம் காணமும் அரசுக் கட்டிலும் கொடுத்ததாகப் பதிகம் சொல்கிறது. அரிசில்கிழார் கட்டிலைத் திருப்பிக் கொடுத்து, நீயே ஆள்க என்று கேட்டுக்கொண்டு, அமைச்சுப் பொறுப்பை மட்டும் ஏற்றார். உலகத்திலேயே உச்சமான அப்கிரேடை வேண்டாம் என்றவர்.

இரண்டிலும் முடிவெடுத்தது ஒரு மனிதன், எதிரே இருந்த இன்னொரு மனிதனைப் பார்த்து. அதில் அழகும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. அன்று மன்னனுக்கு மனசு சரியில்லாமல் இருந்திருந்தால் மோசிகீரனார் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

போன் நம்பரில் பிறந்த வரிசை

இப்போது 1939-க்கு வருவோம். நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்மிரல்ஸ் கிளப்' என்ற ஓய்வறையைத் திறந்தது. ஆரம்பத்தில் அங்கே அழைப்பின் பேரில்தான் உறுப்பினராக முடியும். யார் பெரிய மனிதர் என்பதை நிறுவனமே பார்த்து முடிவு செய்யும். பிற்காலத்தில்தான் கட்டணம் கட்டினால் உள்ளே போகலாம் என்று ஆனது. ஏறக்குறைய அரசவைப் பழக்கம்தான்.

அப்போது அமெரிக்காவில் டிக்கெட் விலையை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. 1978-ல் அந்தக் கட்டுப்பாட்டை எடுக்கச் சட்டம் வந்தது. யார் வேண்டுமானாலும் விலையைக் குறைக்கலாம் என்றதும் பழைய நிறுவனங்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. கம்பெனிச் செலவில் பறக்கும் ஆட்களைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு வழி தேவைப்பட்டது.

இங்கேதான் எங்கள் தொழில் உள்ளே வருகிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஐபிஎம்மோடு சேர்ந்து 'சேபர்' என்ற முன்பதிவுக் கணினி அமைப்பை 1960-களிலேயே ஓட்ட ஆரம்பித்திருந்தது. அதன் பதிவுகளில் எந்த போன் நம்பர் திரும்பத் திரும்ப வருகிறது என்று தேடினார்கள். அப்படிக் கிடைத்த சுமார் 1,30,000 பேரையும், அட்மிரல்ஸ் கிளப்பின் 60,000 பேரையும் அவர்கள் கேட்காமலே சேர்த்து, 1981 மே 1 அன்று 'அட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கினார்கள். சில நாட்களுக்குள் யுனைடெட் தன் 'மைலேஜ் பிளஸ்'ஸோடு வந்துவிட்டது. அப்புறம் எல்லாரும் வந்தார்கள்.

டேட்டாபேஸில் வேலை செய்கிறவனுக்கு இது சாதாரண விஷயம். ஒரே நம்பர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குவது. ஆனால் வரலாற்றில் இது பெரிய மாற்றம். வரிசை அறிதல்தான் அரிது என்றார் கபிலர். அந்த அரிய வேலையை ஒரு கணினி ராத்திரியோடு ராத்திரியாக லட்சக்கணக்கான பேருக்குச் செய்து முடித்தது.

சீட் ஏன் கிடைப்பதில்லை

அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் தங்க அட்டைக்காரர்களின் பெரிய கனவு, எகானமி டிக்கெட்டில் இலவசமாக முதல் வகுப்புக்குப் போவது. வளைகுடா, சிங்கப்பூர் பக்கம் பறக்கும் நம் ஆட்களுக்கு இது பெரும்பாலும் பழக்கமில்லை. அங்கே அட்டைக்கு ஓய்வறையும் கூடுதல் லக்கேஜும் கிடைக்கும்; முன்பக்கம் போக மைல்களைக் கொடுக்க வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும்.

இலவச அப்கிரேட் எப்படி நடக்கிறது? முன்பக்கம் 16 சீட் என்று வையுங்கள். ஒவ்வொரு சீட்டையும் காசுக்கு விற்க இன்னும் எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று கணினி தினமும் கணக்குப் போடும். விற்காது என்று தோன்றுகிற சீட்டை மட்டும் அப்கிரேடுக்கு விடும். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் பல வருஷமாக உச்சத் தட்டுக்கு 100 மணி நேரத்துக்கு முன்பும், அடுத்த தட்டுக்கு 72 மணிக்கு முன்பும், தங்கத்துக்கு 24 மணிக்கு முன்பும் கதவு திறக்கும் என்று வைத்திருந்தார்கள். மிச்சமிருந்தால் கேட்டில் டிவி திரையில் பெயரின் முதல் எழுத்துக்களோடு ஒரு பட்டியல் ஓடும். முதலில் அட்டையின் தட்டு. தட்டு சமமென்றால் செலவழித்த தொகை, டிக்கெட்டின் விலை என்று அடுத்தடுத்த அளவுகோல்கள். தகுதியும் க்யூவும் ஒன்றாகிவிட்ட இடம் அந்தத் திரைதான்.

ஆக, அப்கிரேட் என்பது மிச்சம். கதவு மூடியதும் காலி சீட்டின் மதிப்பு பூஜ்யம். பூஜ்யமாகப் போகிற பொருளைப் பரிசாகக் கொடுத்து விசுவாசம் வாங்கினார்கள். பிரச்னை எங்கே என்றால், விற்கும் திறமை வளர வளர மிச்சம் குறையும். முன்பெல்லாம் முதல் வகுப்புக்கு ஒரே பெரிய விலை, அதனால் நிறைய சீட் காலி. இப்போது டிக்கெட் வாங்கின பிறகும், இன்னும் கொஞ்சம் கட்டினால் முன்னால் உட்காரலாம் என்று ஆப்பிலேயே கேட்கிறார்கள். சின்னத் தொகைக்கு விற்றாலும் சும்மா கொடுப்பதைவிட லாபம்தானே.

இன்னொரு பக்கம் அட்டைகள் பெருகின. தங்கத்துக்கு மேல் பிளாட்டினம், அதற்கு மேல் வைரம். 2015-ல் டெல்டாவும் யுனைடெட்டும், அடுத்த வருஷம் அமெரிக்கனும், மைல் கொடுப்பதைப் பறந்த தூரத்திலிருந்து செலவழித்த பணத்துக்கு மாற்றின. கோவிட் காலத்தில் பறக்காமலே அட்டைகளை நீட்டித்துக் கொடுத்தார்கள். 2022 முதல் அமெரிக்கனில் கிரெடிட் கார்டு செலவே அந்தஸ்துக் கணக்கில் சேர்கிறது. மளிகை வாங்கியே தங்கம் ஆகலாம். முன்பக்கத்தில் சீட் மட்டும் அதே 16.

ஒரு குற்றத்தையும் எழுதிவிடுகிறேன். சில வருஷம் முன்பு டிசம்பரில், அட்டையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வேலையும் இல்லாமல் ஒரு ஊருக்குப் பறந்து அதே விமானத்தில் திரும்பினேன். அந்த வாரம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஆபீஸ் வேலை என்று சொன்னேன். அம்மா நம்பினாங்க. அந்த வருஷம் முழுக்க எனக்கு ஒரு அப்கிரேடும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் இந்தக் கணக்கு நேராகியிருக்காது.

சேலத்தில் முன்பக்கமே இல்லை

கொல்லிமலைக்காரர்கள் விமானம் ஏற வேண்டுமென்றால் கீழே இறங்கி சேலத்துக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். சேலம் விமான நிலையத்துக்கு 2018 மார்ச்சில் உதான் திட்டத்தில் ட்ரூஜெட் சென்னையிலிருந்து ஏடிஆர் 72 விமானம் விட்டது. அது நின்றுபோய், 2023 அக்டோபரில் மறுபடி சேவை தொடங்கியது. ஏடிஆரில் முதல் வகுப்பு கிடையாது. ஏறும் வழியே பின்பக்கம்தான். கடைசி வரிசைக்காரர் முதலில் இறங்கிப் போகலாம்.

2003-ல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் எல்லாருக்கும் ஒரே வகுப்பு என்று வந்தது. சென்னையைத் தளமாகக் கொண்ட பாரமவுண்ட் ஏர்வேஸ் 2005-ல் நேர் எதிராக, எல்லா சீட்டும் பிசினஸ் வகுப்பு என்று எம்ப்ரேயர் விமானங்களை இறக்கியது. இரண்டிலும் அப்கிரேட் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டும் நிலைக்கவில்லை. ஒரே வகுப்பில் வளர்ந்த இண்டிகோவும் 2024 நவம்பரில் டெல்லி–மும்பை தடத்தில் பிசினஸ் சீட் கொண்டுவந்தது. கூடவே புள்ளித் திட்டமும்.

நம் ரயில்வேயில் மட்டும் ஒரு விநோதம் உண்டு. 2006-ல் வந்த தானியங்கி அப்கிரேட் திட்டத்தில், மேல் வகுப்பில் படுக்கை காலியாக இருந்தால், முழுக் கட்டணம் கட்டிய கீழ் வகுப்புக்காரர்களிலிருந்து கணினி யாரையாவது தேர்ந்தெடுத்து மேலே அனுப்பும். காலியான இடம் வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போகும். அட்டை கிடையாது, தட்டு கிடையாது. ஸ்லீப்பரில் டிக்கெட் எடுத்த கொத்தனாருக்கு சேலத்திலிருந்து சென்னை வரை ஏசி கிடைக்கலாம். அவர் யார் என்று கேட்காமலே கொடுக்கிறது. எனக்கு இதில் ஓரியின் சாயல் தெரிகிறது.

கடைசியாக

மெஷின் வரிசையை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். கவுன்டரில் இருப்பவர் முகத்தையும் சட்டையையும் பேச்சையும் பார்த்து யாரை முன்னால் அனுப்புவது என்று முடிவு செய்தால், நம்மில் எத்தனை பேர் தேறுவோம்? திரையில் ஓடும் பட்டியலுக்கு நிறம் தெரியாது. வெட்டவும் செய்யாது. ஆனால் விசிறவும் செய்யாது. அது எத்தனை தடவை என்று எண்ணும், எவ்வளவு என்று கூட்டும். அதற்கு வரிசை தெரியும், வரிசை அறிதல் தெரியாது. என் தப்பு, எண்ணப்பட்டதை மதிக்கப்பட்டதாக நினைத்துக்கொண்டது. பெருஞ்சித்திரனார் அந்த வித்தியாசத்தைப் பரிசை வாங்கும் முன்பே பார்த்துவிட்டார். எனக்கு அட்டை போன பிறகுதான் தெரிகிறது.

மாலையில் நாமக்கல் பஸ்ஸுக்குச் செம்மேட்டில் நல்ல கூட்டம். முன்னால் நின்ற பெரியவர் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். ஏறிப் பார்த்தால் என் முகத்தில் வளைவுகளின் பயம் தெரிந்திருக்க வேண்டும். "தம்பிக்கு மலை ஆகாது போல. ஜன்னல் பக்கம் உக்காருங்க" என்று நகர்ந்துகொண்டார். எழுபது வளைவும் இறங்கி முடிகிறவரை, நான் யார் என்று அவர் கேட்கவில்லை.