பந்தின் மேல்தோல்

குழிப்பந்தாட்டம் என்று அகராதி சொன்னாலும் கோல்ஃப் என்றே வழங்கிவரும் அவ்வாட்டத்துக்கும் திருவரங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். தொடர்பு ஒரு கதையில் இருக்கிறது. அக்கதையில் பெருமாளே வருகிறார்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலிருந்த பேட்டர்சன் என்னும் குடும்பத்துக்கு 1843இல் கீழைநாட்டிலிருந்து ஒரு திருமால் சிலை வந்ததாம். வழியில் உடைந்துவிடாதிருக்கச் சிலையைச் சுற்றி ஒருவகை மரப்பிசின் துண்டுகளை அடைத்திருந்தனராம். அப்பிசினை வெந்நீரில் இட்டால் மாவு போல் இளகும்; ஆறினால் கல் போல் இறுகும். சமயக்கல்வி பயின்றுகொண்டிருந்த அவ்வீட்டு இளைஞர் இராபர்ட் பேட்டர்சன் அதை உருட்டி, வெள்ளை பூசி, ஒருநாள் காலையில் ஆடுகளத்துக்கு எடுத்துச் சென்றார் என்பர். கோல்ஃப் பந்தின் வரலாற்றை எழுதுவோர் பலரும் இச்சிலையை வணங்கிவிட்டே தொடங்குகின்றனர்.

நாம் இதை அப்படியே ஏற்பதற்கில்லை. அப்பிசின் கட்டாபெர்ச்சா என்பது; மலாய்க் காடுகளின் மரத்தில் வடிவது. மலாய் மக்கள் வெட்டுக்கத்திப் பிடிகளுக்கு அதைப் பயன்படுத்துவதைக் கண்ட மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்கு மாதிரிகள் அனுப்பியதும் அதே 1843இல்தான். அறிஞர் அவையில் அரும்பொருளாகக் காட்டப்பட்ட ஒன்றை அதே ஆண்டில் வைக்கோலைப் போல் பெட்டிக்குள் திணித்திருப்பார்களா? மேலும், சிலை இந்தியாவிலிருந்து வந்தது என்பர் சிலர். சிங்கப்பூரிலிருந்து என்பர் சிலர். இந்தியாவிலிருந்து வந்ததாயின் அதைச் சுற்றி மலாய்ப் பிசின் இருக்கக் காரணமில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்ததாயின் பிசின் பொருந்தும். சிலை அங்கு எப்படிப் போயிற்று என்ற வினா எழும். தலபுராணங்களைப் பாடம் சொல்லிப் பழகிய நமக்கு இவ்வகைக் கதையின் இலக்கணம் தெரியும்: புதுப்பொருள் ஒன்று புகழ் பெற்றதும் அதற்கொரு தெய்வத் தோற்றம் வந்து சேரும். பிசின் பந்து 1840களின் பிற்பகுதியில் செயின்ட் ஆண்ட்ரூஸில் உருண்டது என்பது மட்டும் உறுதி.

அதற்கு முன்னிருந்தது இறகுப்பந்து. தோலைப் பையாகத் தைத்து, ஒரு தொப்பி நிறையக் கொள்ளும் இறகை நனைத்து அதனுள் திணிப்பர். உலரும்போது தோல் சுருங்கும், இறகு விரியும், பந்து கல்லாகும். மேலே வெள்ளீய வண்ணம் பூசி, செய்தவர் தம் பெயரை முத்திரையாக இடுவர். செயின்ட் ஆண்ட்ரூஸின் பெரும் கைவினைஞரான ஆலன் இராபர்ட்சனின் பந்துகளில் 'ஆலன்' என்ற முத்திரை இருந்தது. அவர் பிசின் பந்தைப் பகையாகக் கருதினார். தம்மிடம் பணிபுரிந்த டாம் மாரிஸ் பிசின் பந்தால் ஆடியதைக் கண்டு சினந்தார், இருவரும் பிரிந்தனர். அச்சினத்தை நாம் எள்ளமாட்டோம். உறையூரில் தறி ஓசை குறைந்ததைக் கண்ட எவரும் எள்ளமாட்டார்.

ஆனால் பிசின் பந்துக்கும் ஒரு குறை இருந்தது. புதுப்பந்து பளபளவென்று வழவழப்பாக இருந்தது. அடித்தால் சிறிது தொலைவிலேயே தலை கவிழ்ந்து விழுந்தது. அடிபட்டுத் தழும்பேறிய பழைய பந்தோ நன்றாகப் பறந்தது. இதை முதலில் கண்டுகொண்டவர் யார் என்பதில் உரிமை கொண்டாடுவோர் பலர். எப்படியாயினும், கைவினைஞர்கள் சுத்தியலின் கூர்முனையால் புதுப்பந்தின் மேல் வரிவரியாகக் கொத்தத் தொடங்கினர். அம்மி கொத்துபவர் நம் தெருவில் வந்த காலத்தை நினைவுகூர்பவர்க்கு இக்காட்சி எளிதில் விளங்கும். வழவழத்த அம்மி அரைக்காது. வழவழத்த பந்து பறக்காது. பின்னர் அவ்வரிகளை வார்ப்பு அச்சுக்குள்ளேயே வெட்டிவிட்டனர்.

வண்ணம் பூசும் முறை நம் சமையலறையை நினைவூட்டுகிறது. உள்ளங்கையில் வண்ணத்தை இட்டு, இரு கைகளுக்கிடையே பந்தை இலட்டு போல் உருட்டுவார்கள். புல்வெளியில் கண்ணுக்குப் படவேண்டும் என்பதே வெண்மைக்குக் காரணம். பம்பாயில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங் 1890களில் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் வாழ்ந்தபோது, பனியில் ஆடுவதற்காகப் பந்துகளுக்குச் சிவப்புப் பூசினார். பிசின் பந்துகளில் 27, 28 என்று எண்களும் பொறிக்கப்பட்டன. அவை எடையைக் குறித்தவை. ஒரு பென்னிவெயிட் நிறை ஏறத்தாழ ஒன்றரை கிராம்.

1898இல் அமெரிக்கர் கோபர்ன் ஹாஸ்கெல் இரப்பர் இழையை இழுத்து இழுத்துச் சுற்றி உருண்டையாக்கி, அதன்மேல் பிசின் உறையிட்டார்; 1899இல் காப்புரிமையும் பெற்றார். இவ்விடத்தில் தமிழாசிரியரால் வாளாவிருக்க இயலாது. நூலால் வரிந்து புனைந்த பந்தை நற்றிணை அறியும். திருப்பாவையில் நப்பின்னையின் விரல்களிலும் பந்து இருக்கிறது. ஒரு கையில் கண்ணன், மறுகையில் பந்து என்று உரைகாரர் நயம் காண்பர். அப்பாசுரத்தை ஓதிக்கொண்டே பிட்சைக்குச் சென்ற இராமானுசர், பெரிய நம்பியின் இல்லக் கதவைத் திறந்த அவர் மகள் அத்துழாயை நப்பின்னையென மயங்கி வீழ்ந்தார் என்ற குருபரம்பரைச் செய்தியைத் திருவரங்கத்தில் சிறு பிள்ளையும் சொல்லும். பிரிட்டனில் ஹாஸ்கெலின் காப்புரிமை நிலைக்கவில்லை. இழை சுற்றிய பந்து முன்னரே இருந்தது என்று வழக்கு எழுந்து, 1908இல் பிரபுக்கள் சபை வரை சென்று, அவர் தோற்றார். அங்கே சாட்சி சொன்னவர்கள் அந்நாட்டு முதியவர்கள். கூப்பிட்டிருந்தால் நற்றிணைத் தலைவியும் போயிருப்பாள்!

இரப்பர் பந்தின் உறையில் முதலில் சிறு குமிழ்கள் புடைத்திருந்தன. லெஸ்டர் நகரில் வில்லை செய்யும் தொழிலகம் நடத்திய வில்லியம் டெய்லர் அதைத் தலைகீழாக்கினார். புடைப்புக்குப் பதில் குழி. 1905இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்றைய பந்திலுள்ள முந்நூறு, நானூறு குழிகள் அவ்வழி வந்தவை. குழிகள் பந்தை ஒட்டிச் செல்லும் காற்றைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய காற்று பந்தின் முதுகுப்புறம் வரை ஒட்டிச் செல்வதால் பின்னே இழுக்கும் சுழல் சிறுத்துவிடுகிறது. குழியற்ற பந்து ஏறத்தாழப் பாதித் தொலைவே செல்லும்.

குழி வந்ததும் எழுதுவோர்க்கு இடர் வந்தது. 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாத குறுக்களவுள்ள உருண்டை. அதன் மேல் எங்கும் பள்ளம். தட்டை அச்சால் இதில் எப்படிப் பெயர் பதிப்பது? ஆட்டவிதியோ தன் பந்தை அடையாளம் காண ஆடுபவர் குறியிட வேண்டும் என்கிறது. ஒரே நிறுவனத்துப் பந்துகளைப் பிரித்தறிய எண்ணும் தேவைப்பட்டது. எடையைச் சொன்ன எண் இப்போது 'இது என்னுடையது' என்று சொல்லலாயிற்று. இன்று பெரிதும் வழங்கும் விடை மெத்தை அச்சு. உலோகத் தகட்டில் எழுத்தை மிக மெல்லிய பள்ளமாக அரித்தெடுப்பர். மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு ஆழம் போதும். தகடு முழுதும் மையைப் பரப்பி, கத்தியால் வழித்துவிடுவர். மேட்டில் மை நில்லாது, பள்ளத்தில் நிற்கும். அதன்மேல் மென்மையான சிலிக்கோன் மெத்தை அமர்ந்து மைப்படலத்தைக் கவர்ந்து சென்று, பந்தின் வளைவுக்கும் குழிக்கும் ஏற்ப நெளிந்து ஒற்றிவிடும். பிறகு நிறமற்ற பூச்சொன்று எழுத்தைக் காக்கும்.

இதன் முதற்பாதியை நம் முன்னோர் அறிவர். ஓலையில் எழுத்தாணி கீறியது கண்ணுக்குப் புலப்படாது. விளக்குக்கரி, வசம்புக்கரி, இலைச்சாறு ஆகியவற்றைக் குழைத்துத் தடவித் துடைப்பர். கீறலில் மட்டும் கருமை தங்கும். ஏடு தொடங்கும் பிள்ளைக்கு அது மையாடல் என்னும் சடங்காகவே நடந்தது. கீறலில் தங்கிய மையை மெத்தையால் எடுத்து வேறிடத்தில் ஒற்றுவது மட்டுமே நாம் செய்யாதது. ஏட்டுக்கு அது தேவைப்படவுமில்லை.

எழுத்தின் உரிமையாளர் யார் என்பது நம்மை உறுத்தும் வினா. 1935 முதல் டைட்லிஸ்ட் பந்தில் ஓடும் சாய்வெழுத்து, அந்நிறுவன அலுவலகத்தில் செயலராக இருந்த ஹெலன் ராபின்சன் என்னும் பெண்ணின் கையெழுத்து. அழகாக எழுதுபவர் என்று அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார்களாம். அவர் பெயர் நிலைத்தது, மகிழ்ச்சியே. சுற்றிய இழை வந்த வழியில் அப்படிப் பெயர் நிலைத்தவர் அரியர். 1910களிலிருந்து உலக இரப்பரின் பெரும்பங்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்தது. அங்கே பால் வெட்டியவர்களில் மிகப்பலர் திருச்சிராப்பள்ளி, தஞ்சை, சேலம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற தமிழர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். இந்திய அரசு 1938இல் தடை விதிக்கும் வரை அவ்வோட்டம் தொடர்ந்தது. விடியுமுன் மரத்தைக் கீறி, பாலைச் சிரட்டையில் ஏந்தி, அமிலமிட்டு உறையவைத்து, வரியுருளையில் செலுத்தித் தகடாக்கிப் புகையில் உலர்த்தினர். வரியிட்ட அத்தகடுகளை அடுக்கிப் பொதியாக அழுத்தியபின், ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கப் பொதியின் மேல் சுண்ணம் போன்றதொரு குழம்பைப் பூசுவர். பிறகு வெட்டுத்தகட்டை வைத்து மை தடவித் தரக்குறியும் அனுப்புநர் குறியும் இடுவர்.

காவிரிப்பூம்பட்டினத்துப் பொதிகளின் மேல் சோழனின் புலிப்பொறி இருந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. கண்ணெழுத்து இட்ட பொதிகளைச் சிலம்பு சொல்கிறது. உறையூரில் 1965-69இல் சென்னைப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது கிடைத்த பானையோடுகள் சிலவற்றில் தமிழ் பிராமியில் எழுத்துகள் கீறப்பட்டுள்ளன. அதே ஊர்ப்பக்கத்திலிருந்து கடல் கடந்தவர்கள் பினாங்குத் துறைக்கு அனுப்பிய பொதிகளில் இருந்தவை தோட்டத்தின் குறியும் வணிகரின் குறியுமே.