சீதன வீட்டுக்கு ஏது வாடகை?

கிழக்கிலங்கையில் கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையான முஸ்லிம் ஊர்களில் வாடகை வீடு ஒரு தொழிலாக வளராததற்கு முதற்காரணம் சீதன வழக்கம்தான். 1960களின் இறுதியில் அக்கரைப்பற்றில் ஆய்வைத் தொடங்கிய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவ்வழக்கை விரிவாகப் பதிவுசெய்தார். மகளின் கலியாணத்தோடு வீட்டு உறுதி அவள் பெயருக்கு மாறும்; மாப்பிள்ளை அங்கே குடிவருவார்; பெற்றோர் இளைய பெண்மக்களோடு பக்கத்து வளவில் இன்னொரு வீடு எழுப்புவார்கள். வயல் வருமானமும் பின்னாளில் வளைகுடாச் சம்பளமும் அடுத்த மகளின் சுவருக்கே போயின. அப்படிக் கட்டியதை ஈடு வைக்கவோ வாடகைக்கு விடவோ யார் துணிவார்?

கடன் வாங்கி வாடகை வீடு கட்டாததற்கு வட்டி ஹராம் என்பதே காரணம் என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. வட்டித் தடை இல்லாத அயல் தமிழ் இந்துக் கிராமங்களிலும் இதே சீதன வீடுதான். 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தம் வட்டியில்லா வங்கிமுறைக்கு வழிதிறந்தது. சீதனக் கணக்கு அதனால் மாறிவிடவில்லை. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் 1973ஆம் ஆண்டு வீட்டுச் சொத்து உச்சவரம்பும் கொழும்பு வீட்டுக்காரரை வாட்டிய அளவுக்கு இங்கே உறைத்திருக்க இடமில்லை. வழக்கத்தை உண்மையில் அசைத்தது 2004 சுனாமி: கிழக்கில் 200 மீட்டர் கரையோரத் தடை, நிலத் தட்டுப்பாடு, பெண்ணின் உறுதி இருந்த இடத்தில் ‘குடும்பத் தலைவர்’ பெயருக்கு வந்த நிவாரண வீடு.